எத்தனை பவுன் குண்டு?

வேட்டைக்காரர்கள் இருவர் சந்தித்துவிட்டால், பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் குண்டின் எடையில் வந்து நிற்கும். யானைக்கு இத்தனை கிரெயின் வேண்டும், புலிக்கு இத்தனை போதும் என்று தங்கம் நிறுக்கும் தட்டாரைப் போல வாதாடுவார்கள். கிரெயின் என்பது ஆங்கிலேயரின் பழைய நிறை. ஏழாயிரம் சேர்ந்தால் ஒரு ராத்தல். நமக்குப் பழகிய கணக்கில் சொன்னால், எட்டுக் கிராம் பவுன் ஒன்றுக்குச் சுமார் 123 கிரெயின்.

தர்மபுரி 1965-ல் தனி ஜில்லா ஆயிற்று. அதற்கு முன் சேலம் ஜில்லாவின் ஒரு பகுதி. பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் வரை, சின்னாறு காவிரியில் கலக்கும் இடத்தைச் சுற்றிய காடுகளை உலகத்துக்கு அறிமுகப்படுத்தியவர் பெங்களூர்வாசியான கென்னத் ஆண்டர்சன் (1910–1974). 1954-ல் வெளிவந்த அவருடைய முதல் புத்தகத்தில் ஆட்கொல்லிகளோடு ஒரு கொலைகார யானையும் வருகிறது. அது பென்னாகரத்துப் பக்கத்து யானை. அவர் கையில் இருந்தது அமெரிக்க வின்செஸ்டர் கம்பெனியின் .405 ரைபிள். அதன் குண்டு 300 கிரெயின், அதாவது ஏறக்குறைய இரண்டரைப் பவுன்.

இது போதுமா? புலிக்குத் தாராளமாகப் போதும். அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த தியோடர் ரூஸ்வெல்ட் 1909-ல் ஆப்பிரிக்காவுக்குப் போனபோது இதே ரைபிளைச் சிங்கத்துக்கு எடுத்துச் சென்றார். ஆனால் யானைக்கென்று ஹாலந்து கம்பெனியின் பெரிய இரட்டைக் குழல் துப்பாக்கி ஒன்றையும் மறக்காமல் கொண்டு போனார். காரணம் இருக்கிறது. யானையின் மண்டை முழுதும் கெட்டிக் கல் அல்ல. தேனடை போன்ற எலும்பு. அதற்கு வெகு உள்ளே மூளை பத்திரமாக இருக்கிறது. அதுவரை நேராகப் போய்ச் சேராத குண்டு, யானைக்குக் கோபத்தை மட்டுமே உண்டாக்கும்.

கருமருந்துக் காலத்தில் இதற்கு ஒரே வழிதான் தெரிந்திருந்தது: குண்டைப் பெரிதாக்குவது. 'நாலாம் நம்பர்' துப்பாக்கி என்றால், ஒரு ராத்தல் ஈயத்தில் நான்கே உருண்டைகள் தேறும். ஒவ்வொன்றும் பதினான்கு பவுன்! சுட்டவனின் தோளைக் கேட்டால் தெரியும், யானைக்கு விழுந்த அடி பெரிதா, தனக்கு விழுந்த அடி பெரிதா என்று. 1898-ல் புகையில்லா மருந்தோடு .450 ரைபிள் வந்த பிறகு, நான்கு பவுனுக்குச் சற்றுக் குறைவான குண்டே வேகத்தின் பலத்தால் அந்த வேலையைச் செய்தது.

இங்கே சரித்திரம் குறுக்கிடுகிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்திய சர்க்கார் .450 அளவுத் துப்பாக்கிகளுக்குத் தடை போட்டது. பட்டாளத்தின் பழைய மார்ட்டினி-ஹென்றித் துப்பாக்கிக்கும் அதே அளவு. வேட்டைக் குண்டு கலகக்காரர் கைக்குப் போய்விடுமோ என்ற கவலை. உடனே லண்டன் துப்பாக்கிக் கம்பெனிகள் .465, .470 என்று புது அளவுகளைச் செய்து தந்தன. .470-ன் குண்டு 500 கிரெயின். ஏறக்குறைய நான்கு பவுன். யானையைக் கண்டு பயந்து நடந்த மாறுதல் அல்ல இது. நம்மைக் கண்டு பயந்து நடந்தது. 1878-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம் துரைமார்களுக்கு விலக்கு அளித்து, நம்மவர்களை லைசென்சு கேட்க வைத்ததும் இந்தப் பயத்தால்தான்.

எடை ஒன்றே போதும் என்பவர்களை மடக்கக் கூடிய மனிதர் பெல். ஸ்காட்லாந்துக்காரர், ஆப்பிரிக்காவில் ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டவர். அவற்றில் பெரும்பாலானவற்றை 173 கிரெயின், ஒன்றரைப் பவுன்கூட இல்லாத குண்டால் வீழ்த்தினார். சூட்சுமம் என்ன? உலக்கையும் கடப்பாரையும் ஒரே எடையாக இருந்தாலும் தரையில் இறங்குவது கடப்பாரைதான். பெல்லின் குண்டு ஏழு மில்லிமீட்டர் தடிமன். ஒல்லியாக, நீளமாக, முனைவரை கெட்டி உலோக உறை போட்டது. .405-ன் குண்டோ பத்து மில்லிமீட்டருக்கு மேல் தடிமன். தடிமனுக்கு ஏற்ற பளுவைக் கணக்கிட்டால் பெல்லின் சின்னக் குண்டே முந்தி நிற்கும். முனையில் ஈயம் தெரியும் குண்டு உடம்புக்குள் மலர்ந்துவிடும். புலிக்கு அது நல்லது, யானைக்கு ஆகாது.

ஆனால் பெல், யானை மண்டையை அறுத்துப் பார்த்து மூளை இருக்கும் இடத்தைப் படித்தவர். நிதானமாகக் குறி பார்த்துச் சுட்டவர். மூங்கில் புதரில் இருபது அடி தூரத்தில் யானை திரும்பும்போது அந்தப் படிப்பெல்லாம் நினைவுக்கு வருமா? பெரிய குண்டு என்பது, குறி கொஞ்சம் தவறினாலும் சமாளிக்க வேட்டைக்காரன் செய்துகொண்ட இன்ஷ்யூரன்ஸ். அவ்வளவே.

இந்த வாதத்தில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. 1907-ல் குமாவோன் மலையில் ஜிம் கார்பெட் சுட்ட சம்பாவத் பெண்புலி 436 பேரைக் கொன்றது என்பது கணக்கு. செத்த புலியின் வாயைப் பார்த்தார் கார்பெட். வலப்பக்கத்துக் கோரைப் பற்கள், மேலும் கீழும், உடைந்திருந்தன. எவனோ என்றோ சுட்ட குண்டு. இயற்கையான இரையை அடிக்க முடியாத புலி மனிதனைத் தேடியது. சுட்டவன் வீட்டுக்குப் போய்விட்டான். விறகுக்கும் புல்லுக்கும் போன பெண்கள் திரும்பவில்லை. குண்டின் எடை போதவில்லையானால், மிச்ச எடையைச் சுமப்பவர்கள் காட்டோரத்து ஏழைகள்.

1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இந்த வேட்டைக்கு முற்றுப்புள்ளி வைத்தது. தர்மபுரி, கிருஷ்ணகிரி ஜில்லாக்களின் காடுகளில் 2022-ல் காவேரி தெற்கு வனவிலங்குச் சரணாலயம் ஏற்பட்டது. இன்று ஊருக்குள் வரும் யானைக்கு மயக்க ஊசிதான். ஆனால் மருந்தைக் குறைத்தால் யானை எழுந்துவிடும். கூட்டினால் எழுந்திருக்கவே எழுந்திருக்காது. தராசில் ஏற்ற முடியாத யானையின் எடையைக் கண்ணால் அளந்து மருந்தை முடிவு செய்ய வேண்டியவர் கால்நடை மருத்துவர். வேட்டைக்காரருக்கு இருந்த கவலையைவிட அவர் கவலை பெரிது. அவர் இரண்டு பக்கத்து உயிரையும் காப்பாற்ற வேண்டியிருக்கிறது.