கேசட்டுக்கு ஒரு மாற்றுச்சாவி: ஃப்ளாஷ் கார்டின் கதை



நம்மூர்ப் பசங்களுக்கு வீடியோ கேம் என்றாலே "கேசட்"தான். டிவியில் மாட்டும் பெட்டி, அதன் தலையில் செருகும் கேசட், அதன் மேல் "64 இன் 1" என்று ஒரு ஸ்டிக்கர். உள்ளே போய் எண்ணினால் ஏழெட்டு கேம்தான் இருக்கும், மற்றதெல்லாம் அதுவே வேறு பெயரில் :-) அந்தப் பெட்டிகளில் பெரும்பாலானவை 1983இல் ஜப்பானில் வந்த நிண்டெண்டோவின் ஃபேமிகாமைப் பார்த்து அடித்த நகல்கள். விழுப்புரமோ திண்டிவனமோ, நமக்கு நகல்தான் முதலில் வந்தது. அசல் என்று ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது.

இந்தப் பதிவு கையடக்க கேம் கருவிகளைப் பற்றியது. அவற்றில் சொந்தமாக எழுதிய மென்பொருளை ஓட்டச் சிலர் கண்டுபிடித்த வழி ஃப்ளாஷ் கார்ட். பரீட்சைக்கு மனப்பாடம் செய்யும் அட்டை இல்லை, கேசட் வடிவில் இருக்கும், திரும்பத் திரும்ப அழித்து எழுதக்கூடிய நினைவகம். அதில் ஓடும் சொந்த மென்பொருளுக்கு ஹோம்ப்ரூ என்று பெயர். கடைப் பலகாரம் இல்லை, வீட்டுப் பலகாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பூட்டு எங்கே இருந்தது?

1989இல் வந்த கேம் பாயைத் திறந்தால் நிண்டெண்டோ என்ற பெயர் மேலிருந்து மெல்ல இறங்கி வரும். அது வெறும் அலங்காரம் இல்லை. கருவிக்குள் இருக்கும் 256 பைட் நிரல், கேசட்டில் அந்த லோகோவின் 48 பைட் அப்படியே இருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்கும். ஒரு புள்ளி மாறினாலும் ஓடாது. லோகோவை நகலெடுத்துப் போட்டால் ஓடும். ஆனால் அனுமதியில்லாமல் வணிகச் சின்னத்தைப் பயன்படுத்தினாய் என்று வழக்குப் போட வழி பிறக்கும். பூட்டு பாதி சிப்பில் இருந்தது, பாதி சட்டத்தில்.

2001இல் வந்த கேம் பாய் அட்வான்ஸில் ஒரு சின்ன ஜன்னல் திறந்திருந்தது. நண்பரின் கருவியிலிருந்து கம்பி வழியாக கேமை வாங்கும் வசதி அது. அதே கம்பியைக் கணினியில் மாட்டி 256 கிலோபைட் வரை சொந்த நிரலை அனுப்ப முடிந்தது. கருவியை அணைத்தால் எல்லாம் போய்விடும். நிரந்தரமாக வைத்துக்கொள்ளத்தான் ஃப்ளாஷ் கார்ட் வாங்கினார்கள். விற்றவர்கள் கொள்ளளவை மெகாபிட்டில் போட்டு மயக்கினார்கள். 256 என்று பெரிதாக இருக்கும், எட்டால் வகுத்தால் 32 மெகாபைட்தான்!

2004 கடைசியில் நிண்டெண்டோ டிஎஸ் வந்தது. இதில் கேசட்டுக்கும் கருவிக்கும் நடக்கும் பேச்சு மறைகுறியாக்கம் செய்யப்பட்டது. உடைக்க முடியாதவர்கள் 2005இல் வேறு வழி பிடித்தார்கள். பாஸ்மீ என்ற சின்ன அட்டையில் அசல் கேசட்டைச் செருகி, அதைக் கருவியில் செருக வேண்டும். கருவி கேட்கும் கேள்விகளுக்கு அசல் கேசட்டே பதில் சொல்லும். கருவி நம்பியதும் கட்டுப்பாடு இரண்டாவது துளையில் இருக்கும் ஃப்ளாஷ் கார்டுக்குப் போய்விடும். கல்யாண மண்டபத்தில் சொந்தக்காரர் ஒருவரோடு உள்ளே நுழைந்து, நேராகப் பந்திக்குப் போவது மாதிரி. பிறகு மறைகுறியாக்கமும் உடைந்தது. ஆர்4 போன்ற அட்டைகள் வந்தன. மைக்ரோ எஸ்டி கார்டில் கோப்பைப் போட்டுச் செருகினால் போதும்.

சோனியின் பிஎஸ்பியில் அட்டையே வேண்டியிருக்கவில்லை. 2004 டிசம்பரில் ஜப்பானில் வந்த முதல் பதிப்பு, கையொப்பம் இல்லாத நிரலையும் ஓட்டியது. சோனி அடைத்தது, ரசிகர்கள் திறந்தார்கள், மறுபடி அடைத்தது. ஒவ்வொரு புதுப்பிப்பிலும் இதே ஓட்டம்.

அந்த வழியாக உள்ளே போனது என்ன?

உண்மையைச் சொன்னால், பெரும்பாலும் திருட்டு கேம். கள்ளப் பிரதியால் கேம் எழுதியவனுக்குப் போக வேண்டிய காசு போகாது. அதை நியாயப்படுத்த நான் வரவில்லை.

ஆனால் அது மட்டும் போகவில்லை. பாட்டும் படமும் ஓட்டும் மூன்ஷெல், நாட்குறிப்பு எழுதும் டிஎஸ்ஆர்கனைஸ், டிஎஸ்ஸிலேயே ஓடிய லினக்ஸ், கேம் பாயை இசைக்கருவியாக்கிய லிட்டில் சவுண்ட் டிஜே, இவையெல்லாம் போயின. இதில் எனக்கு முக்கியமாகப் படுவது கலர்ஸ் என்ற ஓவிய மென்பொருள். ஜென்ஸ் ஆண்டர்சன் டிஎஸ்ஸுக்கு ஹோம்ப்ரூவாக எழுதியது. ஃப்ளாஷ் கார்ட் இல்லாமல் அதை யாரும் பார்த்திருக்க முடியாது. 2012இல் அதன் வாரிசான கலர்ஸ் 3டி நிண்டெண்டோவின் அதிகாரபூர்வக் கடையிலேயே விற்பனைக்கு வந்தது. பின்வாசல் வழியாக வந்த பிள்ளையை முன்வாசலில் மாலை போட்டு வரவேற்றார்கள்!

தமிழுக்கு என்ன?

டிஎஸ்ஸின் அமைப்புப் பட்டியலில் ஆறு மொழிகள் இருந்தன: ஜப்பானியம், ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிஷ், இத்தாலியன். 15 கோடிக்கும் மேல் விற்ற அந்தக் கருவியில் தமிழ் இல்லை. யூனிகோடும் எழுத்துருவும் போட்டுத் தரச் சொல்லி நிறுவனத்தைக் கேட்டு வாங்க நம்மிடம் சந்தை பலமும் இல்லை. வேண்டுமானால் நாமே எழுத வேண்டும். நாமே எழுதினால் பூட்டு தடுக்கும்.

பூட்டைத் தாண்டிவிட்டால் மீதி வேலை அவ்வளவு கஷ்டம் இல்லை. இந்தக் கருவிகள் திரையை 8க்கு 8 புள்ளிக் கட்டங்களாக நிரப்பும். ஆங்கில எழுத்து அதில் அடங்கும். நம் "ஞ", "ணு" எல்லாம் அடங்காது, 16க்கு 16ஆவது வேண்டும். ஆனால் 247 எழுத்தையும் தனித்தனியாக வரையத் தேவையில்லை. "கொ" என்பதைக் கொம்பு, க, கால் என மூன்று துண்டாக வைக்கலாம். திஸ்கி குறியேற்றம் இந்த முறையில்தான் தமிழ் முழுவதையும், ஆங்கிலத்தை அதன் இடத்தில் விட்டுவிட்டு, மீதி 128 இடத்துக்குள் அடக்கியது. நிரலை எழுத வேண்டியது சி அல்லது சி++இல். நம் ப்ளஸ் ஒன் கணினி அறிவியல் புத்தகத்தில் இருக்கும் அதே சி++. நிரல்பெயர்ப்பியும் டெவ்கிட்ப்ரோ குழுவினர் இலவசமாகத் தந்தது. குறைவது செருக ஓர் அட்டை மட்டும்தான்.

நீதிமன்றம் என்ன சொன்னது?

2009இல் டோக்கியோ நீதிமன்றம் ஆர்4 விற்பனைக்குத் தடை விதித்தது. 2010 ஜூலையில் இங்கிலாந்து உயர் நீதிமன்றமும் நிண்டெண்டோ பக்கமே தீர்ப்புச் சொன்னது. நல்ல வேலைக்கும் பயன்படுத்தலாம் என்பதால் மட்டும் விற்றவர் தப்ப முடியாது என்றது. 2014 ஜனவரியில் ஐரோப்பிய நீதிமன்றம், இத்தாலியின் பிசி பாக்ஸ் வழக்கில், கொஞ்சம் வேறு மாதிரி பேசியது. பூட்டு அளவுக்கு மீறியதாக இருக்கக்கூடாது, மக்கள் அந்தக் கருவியை உண்மையில் எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்றும் பார்க்க வேண்டும் என்றது.

நம் நாட்டில் 2012இல் காப்புரிமைச் சட்டத்தில் 65ஏ பிரிவு சேர்ந்தது. உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைத்தால் இரண்டு வருடம் வரை சிறை, அபராதமும் உண்டு. "நோக்கத்தோடு" என்பதுதான் இதில் முக்கியமான சொல். சட்டம் தடுக்காத வேலைக்காக உடைத்தால் குற்றமில்லை என்று அதே பிரிவு சொல்கிறது. ஆனால் அப்படி உடைக்க இன்னொருவருக்கு உதவுபவர் அவருடைய பெயர், முகவரி, காரணம் எல்லாவற்றையும் பதிவேட்டில் குறித்துவைக்க வேண்டுமாம். ரிச்சி தெருக் கடைக்காரர் நோட்டுப் போட்டு, "தம்பி, என்ன காரணம்?" என்று கேட்பதைக் கற்பனை செய்து பாருங்கள் :-)

இன்னொரு கருவி

இதே காலத்தில் பூட்டே இல்லாத ஒரு கையடக்கக் கருவி நம் பக்கத்து பெங்களூரில் பிறந்தது. அதுதான் சிம்ப்யூட்டர். இந்திய அறிவியல் கழக ஆசிரியர்களும் என்கோர் நிறுவனத்தாரும் சேர்ந்து வடிவமைத்தது. உள்ளே லினக்ஸ், டிஎஸ் போலவே ஏஆர்எம் வகைச் சிப். 2004இல் அமிடா என்ற பெயரில் கடைக்கு வந்தது. யாரும் எதையும் எழுதலாம், எந்தத் தந்திரமும் தேவையில்லை. ஆனால் எதிர்பார்த்தபடி விற்கவில்லை. திறந்த கருவி பசங்கள் கைக்கு வரவே இல்லை, உலகம் முழுக்கப் பசங்கள் கைக்குப் போன கருவி பூட்டியிருந்தது. ஃப்ளாஷ் கார்ட் நின்றது இந்த இடைவெளியில்தான்.

பூட்டு போட்ட நிறுவனத்தைத் திட்டிவிட்டு முடிப்பது சுலபம். கேம் எழுதியவனுக்குக் காசு வேண்டும், அதற்குப் பூட்டு வேண்டும், சரி. ஆனால் திருட வந்தவனையும் எழுத வந்தவனையும் ஒரே பூட்டு தடுத்தது. திருடுபவன் எப்படியும் உள்ளே போனான். எழுத வந்தவனுக்குத்தான் "நீயும் திருடன்" என்ற பெயர் மிச்சம். நோக்கத்தைப் பார்க்கும் நம் சட்டம் இந்த ஒரு விஷயத்தில் நியாயமாக யோசித்திருக்கிறது என்பது என் எண்ணம்.

இன்று கேம் பாய்க்கு எழுத அட்டைகூட வேண்டாம். 2019இல் வந்த ஜிபி ஸ்டுடியோ இலவசம், கணினியிலேயே ஓட்டிப் பார்க்கலாம். விழுப்புரத்தில் குனு/லினக்ஸ் பயனர் குழு ஒன்று இருக்கிறது, கட்டற்ற மென்பொருளைப் பற்றித் தெரிந்துகொள்ள வெளியூர் ஓட வேண்டியதில்லை. 1989ஆம் வருடத்துக் கருவியில் "அம்மா" என்று நான்கு துண்டு எழுத்து தெரிய வைக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். யாராவது முயன்று பாருங்களேன்!