நன்றிப் பத்தியில் இருந்தவர்கள்

கரும்பலகையில் மூன்றாவது அச்சை வரைவது எப்போதுமே ஓர் ஏமாற்று வேலைதான். எக்ஸ் குறுக்கே போகிறது, ஒய் நெடுக்கே போகிறது, இசட்டுக்கு இடமில்லை. சாய்வாக ஒரு கோடு இழுத்துவிட்டு, "இது பலகையிலிருந்து உங்களை நோக்கி வெளியே வருவதாக நினைத்துக்கொள்ளுங்கள்" என்று மாணவிகளிடம் சொல்வேன். இருபத்தைந்து வருடங்களாக இதையே சொல்லிவருகிறேன். முன்வரிசைப் பெண்கள் மரியாதைக்குத் தலையாட்டுவார்கள். பின்வரிசையில் யாரும் எதையும் நினைத்துக்கொள்வதில்லை.

எங்கள் கல்லூரிக் கணினி ஆய்வகத்துக்குப் பைத்தானும் மாட்பிளாட்லிப்பும் வந்த பிறகு நிலைமை கொஞ்சம் மாறியது. வெக்டர்களை அம்புகளாக வரைய அதில் 'குயிவர்' என்றொரு கட்டளை இருக்கிறது; அம்பறாத்தூணி என்று பொருள். புள்ளியின் மூன்று எண்களையும் அம்பின் மூன்று எண்களையும் கொடுத்தால் அம்பு வந்துவிடும். மவுஸால் பிடித்துத் திருப்பினால் மொத்தப் பெட்டியும் சுழலும். முதன்முதலில் அதைத் திருப்பிப் பார்த்த அன்று வகுப்பில் எழுந்த சத்தம் இன்னும் நினைவிருக்கிறது.

அந்த மென்பொருளோடு வரும் எடுத்துக்காட்டுகளில் லாரன்ஸ் ஈர்ப்பி ஒன்று. பத்தாயிரம் படிகள், சில வரி நிரல், ஒரு நொடிக்குள் திரையில் இரட்டை இறக்கை. எட்வர்ட் லாரன்ஸின் 1963ஆம் ஆண்டுக் கட்டுரையிலிருந்து எடுத்தது என்று அங்கே குறிப்பும் இருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு மாணவி கேட்டாள்: "மேடம், அறுபத்திமூணுல ஏது இந்த சாஃப்ட்வேர்? அப்போ யாரு வரைஞ்சா இதை?"

எனக்குத் தெரியாது. ஆண்டுதோறும் நடத்தும் பாடம், அதன் மூலக் கட்டுரையை நான் முழுதாகப் படித்ததே இல்லை. அன்றிரவு படித்தேன். விடை கட்டுரையின் இறுதியில் இருந்தது. எண் கணக்கீடுகள் பலவற்றைக் கையாண்டதற்காகவும், அவற்றை வரைபடங்களாக ஆக்கித் தந்ததற்காகவும் மிஸ் எலன் ஃபெட்டருக்குச் சிறப்பு நன்றி என்று லாரன்ஸ் எழுதியிருக்கிறார்.

கணக்கைச் செய்தவரும் வரைந்தவரும் ஒரே பெண். கட்டுரையின் தலைப்புக்குக் கீழே இருக்கும் பெயர் லாரன்ஸ் மட்டும்.

லாரன்ஸ் எம்.ஐ.டி.யில் வானிலை ஆய்வாளர். அவரிடம் ராயல் மெக்பீ எல்.ஜி.பி-30 என்ற கணினி இருந்தது. மேசை அளவுப் பெட்டி. உள்ளே நூற்றுச் சொச்சம் வெற்றிடக் குழாய்கள், 4096 சொற்களை நினைவில் வைத்துக்கொள்ளும் காந்த உருளை. துளையிட்ட காகிதச் சுருள் வழியாக நிரல் உள்ளே போகும்; தட்டச்சுப் பொறி வழியாக எண்கள் வெளியே வரும். 1959இல் இதற்கு நிரல் எழுத அவர் வேலைக்கு எடுத்தவர் மார்கரெட் ஹாமில்டன். பின்னாளில் அப்போலோ விண்கல மென்பொருள் குழுவுக்குத் தலைமை தாங்கிய அதே ஹாமில்டன்தான். அப்போது அவர் இருபதுகளின் தொடக்கத்தில் இருந்தார். கணிதத்தில் பட்டம் பெற்றவர், ஒரு குழந்தைக்குத் தாய். கணவர் சட்டம் படிக்க, இவர் வேலைக்கு வந்தார். நிரல் எழுதுவதை அந்த இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்தே கற்றுக்கொண்டார்.

லாரன்ஸ் 0.506127 என்ற எண்ணை 0.506 என்று சுருக்கிக் கொடுத்ததையும், அந்தத் துளி வித்தியாசத்தில் மொத்த வானிலையும் வேறு திசையில் போனதையும் பற்றிய கதை பிரபலம். கேயாஸ் பற்றிய புத்தகங்களில் தவறாமல் வரும். நான் படித்தவற்றில் லாரன்ஸும் இயந்திரமும் மட்டும் அந்த அறையில் தனியாக இருப்பார்கள். இயந்திரத்துக்கு நிரல் எழுதிய ஆள் எங்கே என்று எனக்கும் கேட்கத் தோன்றியதில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

1961இல் ஹாமில்டன் வேறு பணிக்குப் போனார். போவதற்கு முன் தன் இடத்துக்கு ஓர் ஆளைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சியும் கொடுத்தார். அவர்தான் எலன் ஃபெட்டர். மவுண்ட் ஹோலியோக் என்ற மகளிர் கல்லூரியில் அந்த ஆண்டுதான் கணிதம் முடித்திருந்தார். ஒரு பெண் இன்னொரு பெண்ணுக்குக் கைமாற்றிய வேலை அது. அலுவலகத்தின் கணக்கில் அது உதவியாளர் வேலை. அந்தக் காலத்தில் நிரல் எழுதுவதை எழுத்தர் வேலைக்கு அடுத்தபடியாகத்தான் பார்த்தார்கள். பெண்களுக்கு அதில் இடம் கிடைத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

ஃபெட்டர் வந்த பிறகுதான் லாரன்ஸ் மூன்று சமன்பாடுகளுக்கு வந்துசேர்ந்தார். அதற்கு முன் அவர் கையில் இருந்தது பன்னிரண்டு மாறிகள் கொண்ட மாதிரி. பாரி சால்ட்ஸ்மன் என்பவரின் ஏழு மாறி வெப்பச் சலன மாதிரியில் நான்கு மாறிகள் பூச்சியத்தை நோக்கிப் போக, மிச்சமிருந்த மூன்றை எடுத்துக்கொண்டார். மூன்று என்பது முக்கியம். மூன்று எண்கள் என்றால் வெளியில் ஒரு புள்ளி. அந்தப் புள்ளி அடுத்து எந்தப் பக்கம், எவ்வளவு வேகத்தில் நகரும் என்று சமன்பாடுகள் சொல்வதும் மூன்று எண்கள். அது ஒரு வெக்டர். பன்னிரண்டை யாராலும் வரைய முடியாது. மூன்றை வரையலாம், சிரமப்பட்டு.

கணக்கு (0, 1, 0) என்ற புள்ளியில் தொடங்குகிறது. லாரன்ஸ் எடுத்துக்கொண்ட 10, 28, மூன்றில் எட்டு என்ற மாறிலிகளைப் போட்டால் அங்கே கிடைக்கும் முதல் அம்பு (10, -1, 0). அதில் நூறில் ஒரு பங்கு தூரம் நகர வேண்டும். புது இடத்தில் புது அம்பு. அதையும் பார்த்துத் திருத்தி ஒரு படி. இப்படி ஆறாயிரம் படிகள். ஒரு படிக்கு ஏறத்தாழ ஒரு நொடி, அச்சிடும் நேரம் தனி என்று கட்டுரையே சொல்கிறது. கணக்குக்கு மட்டும் ஒரு மணி நாற்பது நிமிடம். கையில் மிஞ்சுவது எண்கள் நிறைந்த தாள்கள். முதல் 160 படிகளில் ஐந்து படிக்கு ஒன்றாக எடுத்துக் கட்டுரையில் அட்டவணையாகப் போட்டிருக்கிறார்கள். அதை எவ்வளவு நேரம் பார்த்தாலும் இறக்கை தெரியாது.

இறக்கை தெரிவது இரண்டாவது படத்தில். முதல் படம் ஒய் மட்டும் காலப்போக்கில் எப்படி ஏறி இறங்குகிறது என்று மூவாயிரம் படிகளைக் காட்டுகிறது. இரண்டாவது படத்தில் 1400ஆம் படி முதல் 1900ஆம் படி வரையான பாதை மட்டும். காகிதத்தைத் திருப்ப முடியாது. ஆகவே எக்ஸ்-ஒய் தளத்தில் ஒரு வீழல், ஒய்-இசட் தளத்தில் ஒரு வீழல். பாதையில் நூறு படிக்கு ஓர் எண்: 14, 15, 16. பார்ப்பவர் இரண்டையும் மனத்தில் சேர்த்து மூன்றாவது பரிமாணத்தைத் தானே கட்டிக்கொள்ள வேண்டும். நிலைப்புள்ளிகள் இரண்டும் தனியே குறிக்கப்பட்டிருக்கின்றன. அந்த இரு புள்ளிகளிலும் அம்பின் நீளம் பூச்சியம்; பாதை அவற்றைச் சுற்றிச் சுற்றி வருகிறது, போய்ச் சேர்வதில்லை.

ஏன் 1400? 1650ஆம் படிவாக்கில்தான் பாதை ஒரு பக்கத்துச் சுருளை விட்டு மறுபக்கம் தாவுகிறது. முதலிலிருந்து வரைந்தால் நெருக்கமான சுருளில் மை அப்பிக்கொள்ளும். தாவலுக்குப் பிறகு மட்டும் வரைந்தால் தாவியதே தெரியாது. ஐந்நூறு படிகள் சரியான அளவு. எந்தத் தளம், எந்தத் துண்டு, எங்கே எண் போடுவது என்று ஒவ்வொன்றும் ஒரு முடிவு. அந்த முடிவுகளில் எது லாரன்ஸுடையது, எது ஃபெட்டருடையது என்று இன்று பிரித்துச் சொல்ல வழியில்லை. வழியில்லாமல் போனதற்கு, அந்த வேலை கட்டுரையின் உள்ளே பேசப்படாமல் நன்றிப் பத்தியில் மட்டும் பேசப்பட்டது ஒரு காரணம்.

மூன்றாவது படம் எனக்கு மிகவும் பிடித்தது. வானிலை வரைபடத்தில் சம அழுத்தக் கோடுகள் போடுவதுபோல, ஒய்-இசட் தளத்தின் மேல் எக்ஸின் மதிப்புக்குச் சமவரைகள். பரப்பு இரண்டாகப் படியும் இடத்தில் கீழே இருப்பதற்குத் தொடர் கோடு கிடையாது, விட்டுவிட்டு வரும் கோடு. இரண்டு பரப்புகளும் ஒன்றாகக் கலப்பதுபோல் தெரிகின்றன, ஆனால் பாதைகள் ஒன்றோடொன்று கலக்க முடியாது. அப்படியானால் பரப்புகள் எத்தனை? இந்தக் கேள்வியைத் தொடர்ந்துதான் லாரன்ஸ் முடிவில்லாத எண்ணிக்கையிலான பரப்புகளுக்குப் போகிறார். கேள்வி கண்ணில் படும்படி கிடப்பது அந்தப் படத்தில். வரைவது கண்டுபிடிப்பு முடிந்த பிறகு செய்யும் அலங்காரம் என்று இதைப் பார்த்த பிறகும் யாராவது சொன்னால் நான் சண்டைக்குப் போவேன்.

ஃபெட்டர் சில ஆண்டுகளில் கணினித் துறையை விட்டு விலகிவிட்டார். 1972இல் லாரன்ஸ் பிரேசில் வண்ணத்துப்பூச்சியைப் பற்றி உரையாற்றியபோதும், 'கேயாஸ்' என்ற பெயர் பரவியபோதும் அவர் அந்த உலகில் இல்லை. 2019இல் குவாண்டா இதழில் ஜோஷுவா சோகோல் எழுதிய கட்டுரை வழியாகத்தான் என்னைப் போன்றவர்களுக்கு ஃபெட்டர், ஹாமில்டன் இருவரின் கதையும் தெரியவந்தது.

இதே காலத்தின் இன்னொரு காகிதத்தையும் சொல்ல வேண்டும். 1955இல் லாஸ் அலமோஸ் ஆய்வகம் வெளியிட்ட அறிக்கையின் முகப்பில் 'பணி செய்தோர்' என்று நான்கு பெயர்கள்: ஃபெர்மி, பாஸ்தா, உலாம், சிங்கு. அதற்குக் கீழே 'அறிக்கை எழுதியோர்' என்று மூன்று பெயர்கள். மேரி சிங்குதான் அந்தக் கணக்குகளுக்கு நிரல் எழுதி, மேனியாக் கணினியில் ஓட்டியவர். ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக அந்தச் சிக்கல் மற்ற மூவரின் பெயரால் மட்டும் அழைக்கப்பட்டது. 2008இல் தியெரி தோஷ்வா என்ற இயற்பியலாளர் கேட்டுக்கொண்ட பிறகு நான்காவது எழுத்தும் மெல்லச் சேர்ந்துவருகிறது.

நான் எம்.ஃபில். படித்தது தொண்ணூறுகளின் நடுவில். என் வழிகாட்டியின் கட்டுரைக்கான படங்களை ட்ரேசிங் தாளில் ராட்ரிங் பேனாவால் வரைந்தேன். டாட் மேட்ரிக்ஸ் அச்சில் வந்த எண்களை வரைதாளில் புள்ளி புள்ளியாக வைத்து, வளைகோட்டுச் சட்டத்தால் இணைத்து, ஏழு படங்கள். ஒரு படத்தில் புள்ளிகள் ஒட்டவில்லை. திரும்பப் போய்ப் பார்த்ததில் அவர் கணக்கில் ஒரு குறி தவறியிருந்தது. சொன்னேன், திருத்தினார். "கோலம் போட்ட கைதானே, படம் நல்லா வருது" என்று பாராட்டவும் செய்தார். கட்டுரை வந்தபோது வரைகலை வசதி அளித்ததற்காகத் துறைக்கு நன்றி சொல்லியிருந்தது. வசதி நான்தான்.

இதை இத்தனை வருடங்களாக மனத்தில் வைத்துப் பொருமிக்கொண்டிருந்தவள் நான். ஆனால் ஃபெட்டரின் பெயரைப் படித்த அந்த இரவில் எனக்குத் தூக்கம் வராததற்குக் காரணம் வழிகாட்டி இல்லை. மூன்று ஆண்டுகளுக்கு முன் வெக்டர் பற்றி ஒரு பயிற்சி நூல் எழுதினேன். அதன் முப்பரிமாணப் படங்கள் எல்லாம் என் மாணவி ஒருத்தி வரைந்தவை. நானே வரைந்து பார்த்து முடியாமல் விட்டதும் அதில் ஒன்று. லாரன்ஸ் வெளியில் அம்புகளை அப்படியே போட்டால் படம் கருவேல முள் கத்தை மாதிரி ஆகிவிடும். (10, 10, 40) என்ற புள்ளியில் அம்பின் நீளம் 130. பெட்டியே ஐம்பது அலகுதான். எல்லா அம்பையும் ஒரே நீளமாக்க ஒரு வழி உண்டு, ஆனால் அப்போது வேகம் மறைந்துவிடும். அவள் நீளத்தைச் சமமாக்கி, வேகத்தை நிறத்தில் காட்டியிருந்தாள். இது எனக்குத் தோன்றவில்லை. நூலின் முன்னுரையில் 'படங்களுக்கு உதவிய மாணவிகளுக்கு நன்றி' என்று எழுதியிருந்தேன். லாரன்ஸ் 1963இல் பெயராவது போட்டார்.

அவள் இப்போது கோவையில் வேலை பார்க்கிறாள். தொலைபேசியில் கூப்பிட்டு, எந்தக் கோணத்தில் வைத்து அந்தப் படத்தை எடுத்தாய், நினைவிருக்கிறதா என்று கேட்டேன்.

"அதை எப்படி மேடம் மறக்க முடியும்? ரெண்டு இறக்கையும் ஒண்ணு மேல ஒண்ணு விழாத மாதிரி வரணும்னு ஒரு மதியம் பூரா திருப்பிக்கிட்டே இருந்தேன். லேப் அண்ணன் பூட்டணும்னு சத்தம் போட்டாரு. ஏன் மேடம், படத்துல ஏதாவது தப்பா?"

தப்பு படத்தில் இல்லை என்று சொன்னேன். இரண்டாம் பதிப்பில் பெயர் போடப்போவதைச் சொன்னதும், "அதெல்லாம் எதுக்கு மேடம்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து அவளே கூப்பிட்டு, இனிஷியல் ரெண்டு எழுத்து, அம்மா பேரு முதல்ல வரணும், அப்படியே போடுங்க என்றாள்.

போன வாரம் மெய்ப்பு வந்தது. ஒவ்வொரு படத்துக்கும் கீழே அவள் பெயர் இருந்தது, அப்பாவின் எழுத்து மட்டும் போட்டு. சிவப்பு மையில் திருத்தி அனுப்பியிருக்கிறேன்.