யானைமலை: பெயர் வரலாறு

மதுரைக்கு வடகிழக்கே, மேலூர்ச் சாலையில் ஒத்தக்கடையை ஒட்டி நீளும் ஒற்றைப் பாறைக் குன்று. துதிக்கையை நீட்டிப் படுத்த யானையின் சாயல். மரம் ஒட்டாத மொழுக்கென்ற முதுகு. ஊர்க்காரர் வாயில் ‘ஆனமலை’. பொள்ளாச்சிப் பக்கத்து ஆனைமலைத் தொடர் வேறு.

நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய பெயர் ‘இவகுன்றம்’. சமண முனிவர்கள் தங்கிய குகைத்தளத்தில், கி.மு. முதல் நூற்றாண்டை ஒட்டிய தமிழ்ப் பிராமிக் கல்வெட்டில் அது வருகிறது. யானையைக் குறிக்கும் ‘இபம்’ என்ற வடசொல்லே அங்கு ‘இவ’ ஆனது. வடக்கிலிருந்து வந்த துறவியரின் மொழியும் நம் ‘குன்றமும்’ ஒரே சொல்லில் கூடியிருப்பது அருமையான சான்று. ஜப்பானின் ஃபுஜி மலைப் பெயருக்குச் ‘சாவாமை’ என்று பழங்கதை ஒன்று பொருள் சொல்லும். அதன் வேர்ச்சொல் இன்னும் முடிவாகவில்லை. யானைமலைக்கு அந்தச் சிக்கல் இல்லை. பெயர் கண்ணெதிரே படுத்திருக்கிறது.

ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் இதைச் சமணர் வாழும் மலையாகத் தேவாரத்தில் குறிக்கிறார். அவர் சொல் ‘ஆனைமாமலை’. கி.பி. 770இல் பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையனின் அமைச்சர் மாறன் காரி இங்கே நரசிங்கருக்குக் குடைவரை எடுத்தார். குடமுழுக்குக்கு முன்பே அவர் இறந்துபோக, தம்பி மாறன் எயினன் முகமண்டபம் கட்டி அதை நிறைவேற்றினார். அடிவார ஊருக்கு நரசிங்கம் என்றே பெயர்.

சமணரையும் நரசிங்கரையும் ஒரே கதையில் முடிந்தது திருவிளையாடற் புராணம். பரஞ்சோதி முனிவரின் ‘யானை எய்த படல’த்தில், சோழனுக்காகச் சமணர் வளர்த்த வேள்வித் தீயிலிருந்து ஒரு யானை எழுந்து மதுரை மேல் பாய்கிறது. வேடுவ வில்லாளியாக வந்த சோமசுந்தரர் நரசிங்கக் கணை தொடுக்க, யானை மலையாகிச் சாய்கிறது. நாகமலைக்கும் பசுமலைக்கும் இதே வகைக் கதைகள் உண்டு. கொல்லாமையைத் தலையாய அறமாகக் கொண்டவர்கள் உறங்கிய மலையை, அவர்களே ஏவிய கொலைமிருகமாக்கியது இந்தப் புராணம். சமயப்பூசல் ஒரு பெயரின் பொருளை இந்த அளவுக்குப் புரட்டிப் போடும் என்பது வருத்தம் தருவது.

கதை சொல்வதுபோலச் சமணம் இங்கே மாய்ந்துவிடவில்லை. சம்பந்தருக்குப் பிறகு, ஒன்பது, பத்தாம் நூற்றாண்டுகளில் மகாவீரர், பார்சுவநாதர், பாகுபலி, அம்பிகை உருவங்களை இதே பாறையில் செதுக்கினார்கள். அருகே வட்டெழுத்தில் அச்சணந்தி என்ற முனிவரின் பெயர். சில சிற்பங்களில் சுண்ணச் சாந்தும் வண்ணமும் இன்னும் ஒட்டியிருக்கின்றன. மேலே ஏறினால், தலைமாட்டைச் சற்றே உயர்த்தி வெட்டிய கற்படுக்கைகள்.