நேராகப் போகாத குண்டு

'தி பேட்ரியாட்' (2000) படம் பார்த்துக்கொண்டிருந்தபோது அறை நண்பன் ஒரு கேள்வி கேட்டான். "இவனுங்க என்னடா லூசா? ரெண்டு பக்கமும் தோளோட தோள் உரசி வரிசையா நின்னு சுட்டுக்கறானுங்க. ஒருத்தன்கூட மரத்துக்குப் பின்னால ஒளிய மாட்டானா?"

நியாயமான கேள்விதான். பதில் அவர்கள் கையில் இருந்த துப்பாக்கியில் இருக்கிறது.

18ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயச் சிப்பாய்கள் வைத்திருந்தது 'பிரவுன் பெஸ்' என்ற மஸ்கட். அதன் குழலின் உட்புறம் தண்ணீர்க் குழாய் மாதிரி வழவழவென்று இருக்கும். குழலின் விட்டம் சுமார் 19 மில்லிமீட்டர். உள்ளே போடும் ஈய உருண்டை சுமார் 17.5 மில்லிமீட்டர். ஏன் இந்த இடைவெளி? கருமருந்து எரிந்தால் குழலுக்குள் கரி அப்பிக்கொள்ளும். குண்டு இறுக்கமாக இருந்தால் நாலைந்து முறை சுட்டதும் உள்ளே இறங்காது. தளர்வாக இருந்தால் நிமிடத்துக்கு மூன்று முறைகூடச் சுடலாம்.

வேகம் கிடைத்தது, குறி போனது. 80 கஜத்தில் நிற்பவனை அடிக்கலாம்; 200 கஜத்தில் ஒருவனைக் குறிவைத்து அடிப்பது அதிர்ஷ்டம்தான். அதனால்தான் ஆளைப் பார்த்துச் சுடாமல், நூறு பேர் வரிசையாக நின்று எதிர் வரிசையைப் பார்த்து ஒரே நேரத்தில் சுட்டார்கள்.

சரி, குண்டு ஏன் விலகுகிறது? இதற்கு முதலில் சோதனையோடு பதில் சொன்னவர் பெஞ்சமின் ராபின்ஸ். 1707இல் இங்கிலாந்தின் பாத் நகரில், போரையே ஏற்காத குவேக்கர் குடும்பத்தில் பிறந்த கணித அறிஞர்.

1742இல் பீரங்கியியல் பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். ஊசலாடும் மரப்பலகையில் குண்டைச் சுட்டு, பலகை எவ்வளவு தூரம் ஆடுகிறது என்பதிலிருந்து குண்டின் வேகத்தைக் கணக்கிட்டார். நொடிக்குச் சுமார் 1700 அடி! அந்த வேகத்தில் காற்று கொடுக்கும் எதிர்ப்பு குண்டின் எடையைப் போலச் சுமார் 120 மடங்கு. அதுவரை காற்றைப் பலரும் பெரிதாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

விலகலுக்கு அவர் சொன்ன காரணம் சுழற்சி. தளர்வான குண்டு குழலின் சுவரில் மோதி மோதித்தான் வெளியே வருகிறது. கடைசியாக எந்தப் பக்கம் உரசியதோ, அதற்கேற்ப ஒரு சுழற்சியோடு கிளம்புகிறது. சுழலும் பந்து காற்றில் வளையும். 1997இல் பிரான்சுக்கு எதிராக ராபர்டோ கார்லோஸ் அடித்த ஃப்ரீ கிக் ஞாபகம் இருக்கிறதா? அதே கதைதான். ஆனால் குண்டு எந்தப் பக்கம் சுழலும் என்று சுடுகிறவனுக்கே தெரியாது.

இதை ஏற்காதவர் சாதாரண ஆள் இல்லை, ஆய்லர்! 1745இல் ராபின்ஸின் நூலை ஜெர்மனில் மொழிபெயர்த்த அவர், குண்டு சரியான உருண்டையாக இல்லாததே காரணம் என்றார். அதிலும் ஓரளவு உண்மை உண்டு. வார்த்தெடுத்த ஈயக் குண்டு முழு உருண்டையாக வருவது அரிது.

ராபின்ஸ் சோதனையில் இறங்கினார். ஒரு துப்பாக்கியின் வாய்ப்பகுதியைக் கொஞ்சம் இடது பக்கம் வளைத்தார். வழியில் மெல்லிய காகிதத் திரைகளைத் தொங்கவிட்டுச் சுட்டார். குண்டு முதலில் இடது பக்கம்தான் போனது. பிறகு வளைந்து திரும்பி, நேர்கோட்டைத் தாண்டி வலது பக்கம் போய்விட்டது! வளைவில் குண்டு குழலின் வலது சுவரில் உரசிக்கொண்டு வந்ததால் வந்த சுழற்சி அது. குண்டின் கோணல் மட்டுமே காரணம் என்றால் இப்படி நடக்காது.

தீர்வையும் அவரே சொன்னார். குழலுக்குள் மரை போலச் சுற்றிப் போகும் பள்ளங்கள், அதாவது ரைபிள். அது சுழற்சியை ஒழிப்பதில்லை. போகும் திசையையே அச்சாக வைத்துக் குண்டைச் சுழல வைக்கிறது. இதை முதலில் முழுமையாகப் பயன்படுத்தும் நாடு போரில் பெரிய பலம் பெறும் என்று 1747லேயே எச்சரித்தார். ஆனால் ரைபிளில் குண்டை இறுக்கித் திணிக்க நேரமாகும் என்பதால் படைகள் தயங்கின. 1849இல் மினியே, சுடும்போது அடிப்பகுதி விரிந்து பள்ளங்களைப் பிடித்துக்கொள்ளும் குண்டைக் கொண்டுவந்த பிறகுதான் நிலைமை மாறியது. நூறு வருடம்!

பெயரும் அவருக்குக் கிடைக்கவில்லை. 1852இல் இதை ஆராய்ந்த ஜெர்மானியர் குஸ்தாவ் மாக்னஸின் பெயரால் 'மாக்னஸ் விளைவு' என்றுதான் நாம் பாடத்தில் படிக்கிறோம்.

கடைசியாக ஒரு செய்தி. கோட்டைகளைச் சீரமைக்கக் கிழக்கிந்தியக் கம்பெனி 1750இல் ராபின்ஸைச் சோழமண்டலக் கரைக்கு வரவழைத்தது. இங்கே காய்ச்சலில் விழுந்து, 1751 ஜூலை 29இல் செயின்ட் டேவிட் கோட்டையில் இறந்துபோனார். எங்கே என்கிறீர்களா? நம்ம கடலூர், தேவனாம்பட்டினம்!

அடுத்த முறை சில்வர் பீச்சில் பந்து விளையாடும்போது, பந்து காற்றில் வளைந்து போனால் அவரை ஒரு நொடி நினைத்துக்கொள்ளுங்கள்.