கல்விப்பணியில் நாவலர் பெருமான்

யாழ்ப்பாணத்து நல்லூரிலே, 1822ஆம் ஆண்டு டிசெம்பர் 18ஆந் திகதி, கந்தப்பிள்ளைக்கும் சிவகாமி அம்மையாருக்கும் புதல்வராகப் பிறந்தவர் ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர் பெருமான். ஆண்டுதோறும் கார்த்திகை மகத்திலே அவருக்குக் குருபூசை செய்கின்றோம். பிரசங்கியார், உரையாசிரியர், பதிப்பாசிரியர், வசனநடைக்கு வழிகாட்டியவர் என்றெல்லாம் புகழ்கின்றோம். இப்பணிகளுக்கெல்லாம் நடுநாயகமாய் நின்றது பள்ளிக்கூடமே என்பதைச் சிந்திப்பவர் சிலரேயாவர். அதனை நம் சங்கத்து இளைஞர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பெருமான் பிறப்பதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னரே வெஸ்லியன் மிஷனாரும் (1814), அமெரிக்க மிஷனாரும் (1816) இலங்கைக்கு வந்து யாழ்ப்பாணத்திலே பாடசாலைகளை நிறுவத் தொடங்கிவிட்டனர். வட்டுக்கோட்டைச் செமினரி 1823இல் தோன்றியது. வகுப்புப் பிரிவு, நேர ஒழுங்கு, அச்சுப் புத்தகம், பரீட்சை ஆகியவை அப்பாடசாலைகளில் இருந்தன. நம்மவரிடம் இருந்ததோ திண்ணைப் பள்ளிக்கூடம். மணலில் எழுதி, ஏட்டைப் பார்த்து, நிகண்டை நெட்டுருச் செய்யும் அம்முறை புலமை மிக்க சிலரை உருவாக்கியது. ஊர்ப் பிள்ளைகள் பலருக்குக் கல்வி கொடுக்க அதற்கு வலிமை போதவில்லை. ஆதலால் உத்தியோகத்தையும் ஆங்கிலத்தையும் விரும்பிய சைவப் பெற்றோர் மிஷன் பாடசாலையையே நாடினர். அங்கே கல்வியோடு கிறிஸ்தவ வேதமும் போதிக்கப்பட்டது.

நாவலரும் அவ்வழியே சென்றவர்தாம். யாழ்ப்பாணத்து வெஸ்லியன் பாடசாலையிலே பேர்சிவல் பாதிரியாரிடம் ஆங்கிலம் கற்று, அங்கேயே ஆசிரியராய் அமர்ந்து, பைபிளைத் தமிழாக்கும் பணியிலும் அவருக்குத் துணைநின்றார். இதனால் விளைந்த நன்மை பெரிது. மிஷனாரின் வலிமை எங்கே இருக்கின்றது என்பதை அவர் உள்ளிருந்தே கண்டுகொண்டார். வெளியே நின்று வசைபாடுவதனால் ஒரு பிள்ளைக்கேனும் எழுத்தறிவு வந்துவிடாது. அவர்கள் செய்வதை நாமும் செம்மையாய்ச் செய்தல் வேண்டும் என்பதே அவர் கண்ட முடிவு.

1847ஆம் ஆண்டின் இறுதி நாளன்று வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிலே அவர் தம் சைவப் பிரசங்கத்தைத் தொடங்கினார். மறு ஆண்டிலே அதே ஊரில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்தார். 1848இலேயே சம்பளம் வரும் ஆசிரியப் பதவியையும் துறந்தார். அப்பொழுது அவருக்கு வயது இருபத்தாறு நிரம்பவில்லை. நம் சங்கத்து அங்கத்தவர் பலரின் வயது அதுவே.

பள்ளிக்கூடம் வைத்தவுடன் மூன்று தேவைகள் எதிரே நின்றன. முதலாவது, பிள்ளைகள் படிப்பதற்கேற்ற புத்தகம். எளிய சொல்லிலே, படிப்படியாக உயரும் முறையிலே பாலபாடங்களை அவரே எழுதினார். இலக்கணச் சுருக்கம், சைவ வினாவிடை முதலியனவும் மாணாக்கர் பொருட்டே பிறந்தன. பெரியபுராணத்தை வசனமாக்கி 1852இல் வெளியிட்டமையால், செய்யுளைப் பிரித்தறிய மாட்டாதவரும் அடியார் வரலாற்றைப் படிக்க இயன்றது. தமிழ் வசனத்திலே நிறுத்தக் குறிகளை ஒழுங்குபெறக் கையாண்டு, வாசிப்போர் இடர்ப்படாதவாறு செய்தார்.

இரண்டாவது, அப்புத்தகங்களை அச்சிட யந்திரம். அதனை வாங்குவதற்காக 1849இல் சென்னை சென்றார். அப்பயணத்திலேதான் திருவாவடுதுறை ஆதீனத்திலே சைவப் பிரசங்கம் செய்து ‘நாவலர்’ என்னும் பட்டத்தைப் பெற்றார். அச்சியந்திரத்தோடு திரும்பி, வண்ணார்பண்ணையில் வித்தியாநுபாலன யந்திரசாலையை அமைத்தார். புத்தகமும் பள்ளிக்கூடமும் ஒன்றையொன்று தாங்கி நின்றன.

மூன்றாவது, பொருள். மிஷன் பாடசாலைகளுக்குக் கிடைத்த அரசாங்க உதவிப்பணம் சைவப்பிரகாச வித்தியாசாலைக்கு நெடுங்காலம் கிடைக்கவில்லை. வீடுதோறும் உலையிலிடும் அரிசியில் ஒரு பிடியை எடுத்துவைக்கச் செய்து, அப்பிடியரிசியைக் கொண்டு பள்ளிக்கூடத்தைப் பேணினார் என்பது யாழ்ப்பாணத்தார் வழிவழியாகச் சொல்லிவருவது. பிரபுக்களின் கொடையினும், ஏழை வீட்டுத் தாயின் கைப்பிடி அரிசி கல்வியை ஊர்ப்பொதுவாக்கும் என்பதை இதனால் அறியலாம்.

1864இல் சிதம்பரத்திலும் ஒரு சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். ஆங்கிலக் கல்வியையும் சைவச் சூழலிலே கொடுக்கவேண்டுமென்று 1872இல் வண்ணார்பண்ணையிலே சைவாங்கில வித்தியாசாலையைத் தொடங்கினார். பொருள் முட்டுப்பாட்டினால் அது 1876இல் நின்றுபோயிற்று. அக்காலத்து வந்த பஞ்சத்திலே கஞ்சித்தொட்டி வைத்து ஏழைகளின் பசி தீர்த்தார். 1879 டிசெம்பர் 5ஆந் திகதி அவர் சிவபதம் அடைந்தபோது அவ்வாங்கிலப் பள்ளிக்கூடம் நிறைவேறாத எண்ணமாகவே இருந்தது. ஆயினும் இட்ட வித்து பழுதாகவில்லை. அவர் வழிவந்தோர் 1888இல் சைவபரிபாலன சபையைத் தாபித்தனர். அச்சபை 1890இல் பொறுப்பேற்று நடத்திய பாடசாலையே வண்ணார்பண்ணையிலே இன்று யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியாய் நிமிர்ந்து நிற்கின்றது.

பெரியோரைப் போற்றுங்கால் உண்மையை மறைத்தல் ஆகாது. நாவலர் பெருமான் சாதியாசாரத்தைக் கைவிட்டவரல்லர். அவர் நூல்களிலும் அதனைக் காணலாம். தாழ்த்தப்பட்டோரின் பிள்ளைகளுக்கு அக்காலச் சைவக் கல்வியின் வாயில் திறந்திருக்கவில்லை. பெண்மக்களுக்கென உயர்ந்த சைவக் கல்லூரியொன்று தோன்றுதற்கு, சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1913இல் இராமநாதன் கல்லூரியை நிறுவும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. சைவ வித்தியா விருத்திச் சங்கம் 1923இல் தோன்றிக் கிராமந்தோறும் பாடசாலைகளைப் பரப்பியது. 1924இல் மாணவர் காங்கிரசாகத் தொடங்கிய யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் தீண்டாமைக்கு எதிராகக் குரல் எழுப்பியது. 1945இல் இலவசக் கல்வி வந்தது. பெருமான் கட்டிய வாயில் ஒடுக்கமானது; அதனை அகலச் செய்தவர்கள் பின்வந்தோர். அவர் கட்டியிராவிடில் அகலச் செய்வதற்கு வாயிலே இருந்திராது.

1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களினால் உதவிபெறும் பாடசாலைகளிற் பெரும்பாலானவை அரசாங்கத்தின் வசமாயின. பள்ளிக்கூடம் நடத்தும் பாரம் நம் தோளினின்றும் இறங்கியது. பாரத்தோடு பொறுப்பும் இறங்கிவிட்டது என்று நாம் எண்ணிவிட்டோமோ என்பதே இன்று எழும் ஐயம். வறுமையால் இடையிலே படிப்பை விடும் பிள்ளை நம் ஊரிலும் உண்டு. வாசிக்கப் புத்தகம் இல்லாத வீடு உண்டு. கோயில் மண்டபத்திலே விழா நாளன்றி மற்றை நாட்களில் விளக்கெரிவதில்லை.

இளைஞர்களே! அம்மண்டபத்திலே மாலைதோறும் ஒரு வகுப்பு நடத்துவதற்கு நமக்கு அச்சியந்திரம் வேண்டியதில்லை. சென்னைக்குச் செல்லவும் வேண்டியதில்லை. படித்தவர் நாளுக்கு ஒரு மணி நேரம் கொடுத்தால் போதும். எந்தத் தெருப் பிள்ளை வந்தாலும் ஒரே பாயில் இருத்திப் படிப்பிக்கும் மனம் வேண்டும். மூத்தோர்களே! அன்று வீட்டுக்கு ஒரு பிடி அரிசி பள்ளிக்கூடத்தைத் தாங்கியது. இன்று அப்பிடியரிசிக்கு ஈடாக நம் வீடுகள் எதை எடுத்துவைக்கப் போகின்றன என்பதை அடுத்த குருபூசைக்கு முன்னே தீர்மானிப்போமாக.