மிதிவண்டி வீரரும் வதந்தியும்

1996ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில், லான்ஸ் ஆம்ஸ்ட்ராங் என்னும் அமெரிக்க மிதிவண்டி வீரருக்கு விரைப் புற்றுநோய் இருப்பது தெரியவந்தது. அப்போது அவருக்கு வயது 25. ஆஸ்லோ நகரில் உலக வாகையர் பட்டம் பெற்று மூன்றாண்டுகளே கழிந்திருந்தன. நோயோ வயிற்றிலும் நுரையீரலிலும் மூளையிலும் பரவிவிட்டிருந்தது.

இந்நோய் இத்துணை முற்றியபின் பிழைப்பது முன்னாளில் அரிது. 1974இல் இண்டியானா பல்கலைக்கழக மருத்துவர் லாரன்ஸ் ஐன்ஹார்ன், சிஸ்பிளாட்டின் என்ற பிளாட்டின மருந்தை வேறு மருந்துகளோடு கூட்டி அளிக்கத் தொடங்கிய பின்னரே அந்நிலை மாறிற்று. ஆம்ஸ்ட்ராங் நாடிச் சென்றதும் அங்கேதான். நுரையீரலைப் பழுதாக்கவல்ல ஒரு மருந்தை விலக்கி, வேறொன்றை மருத்துவர்கள் கொடுத்தனர். பந்தய வீரருக்கு மூச்சன்றோ முதல்! அவர் நோயினின்று மீண்டது முற்றிலும் உண்மை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

1999 முதல் 2005 வரை, 'டூர் டி பிரான்ஸ்' என்னும் மூன்று வாரப் பெரும்பந்தயத்தில் ஏழு முறை அவரே முதல்வராக வந்தார். உடனே ஐயமும் எழுந்தது. எரித்ரோபோயட்டின் என்றொரு மருந்து உண்டு. இரத்தத்தில் சிவப்பணுக்களைப் பெருக்குவது அதன் தொழில். புற்றுநோய் மருந்துகளால் இரத்தம் குன்றியபோது, முறைப்படியே அது ஆம்ஸ்ட்ராங்குக்கு அளிக்கப்பட்டதுண்டு. அதையே நலமுள்ள வீரர் ஏற்றிக்கொண்டால், மலையேற்றத்தில் பிறரை எளிதில் முந்தலாம். 1999இல் அதைக் கண்டறியும் சோதனை நடைமுறைக்கு வரவில்லை.

சாவின் விளிம்பிலிருந்து மீண்டவன் தன் உடலோடு விளையாடுவானா என்று அவர் கேட்டார். உலகம் வாயடைத்துப்போயிற்று. 2004 முதல் அவருடைய அறக்கட்டளையின் மஞ்சள் நிறக் கைவளையத்தை அணிந்து நம்பிக்கை பெற்ற நோயாளிகள் அவரை நம்பினர் என்றால், அவர்களை நாம் குறைகூற மாட்டோம்.

வதந்தி என்ற வடசொல்லுக்குச் 'சொல்கிறார்கள்' என்பதே பொருள். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு அச்சொல்லில் ஒரு குறை தென்படுகிறது: சொன்னவர் யார் என்பது அதில் இல்லை. இங்கோ சொன்னவர்களுக்குப் பெயர் இருந்தது. மருத்துவமனை அறையிலேயே, தாம் ஊக்கமருந்து உண்டதாக ஆம்ஸ்ட்ராங் மருத்துவர்களிடம் கூறியதைக் கேட்டதாகப் பெட்ஸி ஆண்ட்ரூ 2005இல் சத்தியம் செய்து சொன்னார். குழுவில் உடல்பிடிப்பவராக இருந்த எம்மா ஓ'ரெய்லி, மருந்துச்சீட்டு ஒன்று முன்தேதியிட்டு எழுதப்பட்டதை வெளியிட்டார். இருவரையும் ஆம்ஸ்ட்ராங் இழித்துப் பேசினார். ஓ'ரெய்லி மீது வழக்கும் தொடுத்தார். உண்மை சாட்சியமாக வந்து நின்றபோதும் அதற்கு வதந்தி என்றே பெயரிட்டு ஒதுக்கினர். இதுவே நம்மை வருத்துவது.

2012இல் அமெரிக்க ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பு, அவருடைய குழுத் தோழர்கள் பலரின் வாக்குமூலங்களோடு அறிக்கை வெளியிட்டது. பட்டங்கள் பறிக்கப்பட்டன. 2013 ஜனவரியில் தொலைக்காட்சிப் பேட்டியொன்றில், ஏழு வெற்றிகளிலும் ஊக்கமருந்து இருந்ததை அவரே ஒப்புக்கொண்டார்.

அப்பட்டங்களை வேறெவருக்கும் வழங்கவில்லை. பந்தயத்தின் வெற்றியாளர் பட்டியலில் 1999 முதல் 2005 வரையிலான இடங்கள் வெறுமையாகவே உள்ளன.