பூட்டிய மைதானம்

அமெரிக்காவின் தெற்கே அலபாமா மாநிலத்தில் பர்மிங்காம் என்றொரு ஊர். நிலக்கரியும் இரும்பும்தான் அந்த ஊரின் பிழைப்பு. சுரங்கத்தில் இறங்கியவர்களிலும் உலைச்சூட்டில் வெந்தவர்களிலும் கறுப்பு மக்கள் ஏராளம். அங்கே இரும்பாலை முதலாளி வீட்டுப் பிள்ளையான ரிக் உட்வர்ட் ஒரு பேஸ்பால் மைதானம் கட்டினார். 1910 ஆகஸ்ட் 18இல் திறந்தார்கள். பெயர் ரிக்வுட் ஃபீல்ட். அமெரிக்காவில் இன்றும் நிற்கிற தொழில்முறை பேஸ்பால் மைதானங்களில் இதுதான் மூத்தது.

கட்டியது 'பேரன்ஸ்' என்ற வெள்ளையர் அணிக்காக. பேரன்ஸ் என்றால் பிரபுக்கள். இது மைனர் லீக் அணி. பெரிய லீக்குக்கு ஆள் தயாராகிற இரண்டாம் தட்டு. 1920இல் கறுப்பர்களுக்கும் ஓர் அணி வந்தது: 'பிளாக் பேரன்ஸ்'. சொந்த மைதானம் கிடையாது. வெள்ளை அணி வெளியூர் போயிருக்கிற நாள் பார்த்து, வாடகை கொடுத்து அதே மண்ணில் ஆடினார்கள்.

வெள்ளையர் ஆட்டமென்றால் கறுப்பர்களுக்கு வலது கோடியில் தனி இடம். தங்கள் அணி ஆடுகிற ஞாயிற்றுக்கிழமையில் மட்டும் கதை வேறு. சர்ச் முடிந்த கையோடு, உடுத்திய நல்ல துணியோடு வந்து நடுமேடையிலேயே உட்கார்ந்தார்கள். வாரம் பூராவும் குனிந்து வேலை பார்த்த சனம் நிமிர்ந்து உட்கார்ந்த இடம் அது.

1920களின் கடைசியில் சாட்சல் பெய்ஜ் இங்கே பந்து வீசினார். 1948இல் பள்ளிக்கூடம் முடிக்காத 17 வயசுப் பையன் வில்லி மேய்ஸ் ஆட வந்தான். அவன் அப்பா ஆலைத் தொழிலாளர் அணிகளில் ஆடியவர். அந்த வருசம் பிளாக் பேரன்ஸ் கறுப்பர் உலகத் தொடர்வரை போய்த் தோற்றது. அந்தத் தொடர் அதற்குப் பிறகு நடக்கவேயில்லை. 1947இல் ஜாக்கி ராபின்சன் பெரிய லீக்கில் கால் வைத்ததும், நல்ல ஆட்டக்காரர்களை வெள்ளை அணிகள் பொறுக்கிக்கொண்டன. வளர்த்த அணிகள் வற்றிப்போயின.

பர்மிங்காம் மட்டும் அசையவில்லை. கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து சீட்டு ஆடக்கூடாது, தாயம் உருட்டக்கூடாது, பேஸ்பால் ஆடக்கூடாது என்று 1950இல் நகரச் சட்டமே போட்டார்கள். 1954 தொடக்கத்தில் பேஸ்பாலுக்குக் கொஞ்சம் தளர்த்தினார்கள். பொறுக்குமா? அதே ஜூனில் வெள்ளையர் திரண்டு ஓட்டுப் போட்டு மறுபடியும் தடையைக் கொண்டுவந்தார்கள். 1963இல் போராடிய பிள்ளைகள்மேல் நாயையும் தண்ணீர்ப் பீரங்கியையும் ஏவிய புல் கானர், ஒரு காலத்தில் இதே பேரன்ஸ் ஆட்டத்தை ரேடியோவில் வர்ணனை செய்தவர்.

பேரன்ஸ் ஆடிய சதர்ன் அசோசியேஷன் லீக் கறுப்பு ஆட்டக்காரர்களைச் சேர்க்க மறுத்தது. கூட்டமும் குறைந்தது, வருமானமும் போச்சு. 1961 பருவத்தோடு லீக் செத்தது. பூங்காக்களில் பிரிவினை செல்லாது என்று நீதிமன்றம் சொன்னதும், 1962இல் நகரசபை பூங்காக்களையே இழுத்து மூடியது. அந்த வருசமும் அடுத்த வருசமும் ஊருக்கு பேரன்ஸ் அணி இல்லை. சேரிக்காரன் வடம் தொட்டால் தேரே ஓட வேண்டாம் என்கிற ஊரைப் பார்த்த நமக்கு இது புரியாததல்ல. தனக்கும் இல்லாமல் போனாலும் பரவாயில்லை, அவனோடு சேர்ந்து வேண்டாம். இதுதான் அந்த நோய்.

1964இல் கலப்பு அணியாக பேரன்ஸ் திரும்பியது. 1967இல் பர்மிங்காமில் ஆடிய ரெஜி ஜாக்சனுக்குச் சாப்பாட்டுக் கடையிலும் விடுதியிலும் இடம் மறுத்தார்கள். 2024 ஜூன் 20இல் ரிக்வுட்டில் பெரிய லீக் ஆட்டம் நடந்தபோது, அதை அவரே தொலைக்காட்சியில் கோபத்தோடு சொன்னார். விழா மேடையில் இனிப்பு மட்டும் பரிமாற அவர் ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு நாள் முன்னால்தான் மேய்ஸ் இறந்திருந்தார். உலகமே அஞ்சலி செலுத்தியது.

ஆனால் அந்தப் பையனை 1948இல் வழிநடத்திய பைப்பர் டேவிஸை எத்தனை பேருக்குத் தெரியும்? பைப்பர் என்பது அவர் வளர்ந்த சுரங்கக் குடியிருப்பின் பெயர். 1950இல் பாஸ்டன் ரெட் சாக்ஸ் அவரை ஒப்பந்தம் செய்தது. அது சேர்த்த முதல் கறுப்பர் அவர்தான். சில வாரத்திலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். பெரிய லீக்கில் ஒரு நாள்கூட அவர் ஆடவில்லை. மேய்ஸ் பெயரைச் சொல்லும்போதெல்லாம் இவர் பெயரையும் சேர்த்துச் சொல்வோம்.